பத்து லட்சம் எங்கிருந்து வந்தது?

சூப்பர் கம்ப்யூட்டரில் நேரம் கேட்டு அனுப்பிய எங்கள் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தபோது கூடவே இரண்டு வரிக் குறிப்பு ஒன்று இருந்தது. அறிவியல் கேள்வி நன்றாக இருக்கிறது. ஆனால் கேட்டிருக்கும் 10 லட்சம் கோர்-மணிக்கு அடிப்படை தெரியவில்லை. அவ்வளவுதான். (செயலியில் கணக்குப் போடும் ஓர் அலகுதான் கோர்; அது ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கோர்-மணி.) கடலூரில் எங்கள் துறை அறையில் உட்கார்ந்து நானும் என் ஆராய்ச்சி மாணவியும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தோம். சற்று நேரம் கழித்து அவள் கேட்டாள்: "மேடம், நெஜமாவே இந்தப் பத்து லட்சம் எங்கேர்ந்து வந்துச்சு?"

என்னிடம் பதில் இல்லை. பெரிய இடத்தில் கேட்கிறோம், கொஞ்சம் கூட்டியே கேட்போம், வெட்டினாலும் மிச்சம் கிடைக்கும் என்று நினைத்துப் போட்ட எண் அது. இருபது பக்க விண்ணப்பத்தில் பதினெட்டு பக்கம் அறிவியல். கணினி நேரத்துக்கு ஒரே ஒரு பத்தி. அந்தப் பத்தியை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு வருஷம் ஆனது. எங்களைப் போலச் சிறிய கல்லூரியில் இருந்துகொண்டு சூப்பர் கம்ப்யூட்டரில் நேரம் கேட்க நினைப்பவர்களுக்கு அந்த ஒரு வருஷம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயு அமைதியாக இல்லை, கொந்தளித்துக்கொண்டே இருக்கிறது. அதற்குள் காந்தப்புலமும் இருக்கிறது. பால்வெளியில் அதன் வலு சில மைக்ரோகாஸ்தான். காந்தப்புலத்தை அளக்கும் அலகு காஸ்; அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோகாஸ். நாம் நிற்கும் தரையில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 0.4 காஸ். அதாவது அங்கே இருப்பது இதில் லட்சத்தில் ஒரு பங்கு அளவு. இவ்வளவு மெல்லிய புலமாக இருந்தும் அதன் ஆற்றல், வாயுவின் கொந்தளிப்பு ஆற்றலுக்கு ஏறக்குறைய ஈடாக நிற்கிறது. மிகச் சிறிய ஒரு விதைப்புலம் எப்படி அந்த அளவுக்கு வளர்ந்தது என்பதுதான் கேள்வி. மின்சாரம் கடத்தும் வாயு சுழலும்போது காந்தப்புலக் கோடுகளை இழுக்கிறது, முறுக்குகிறது, மடிக்கிறது. இழுபட இழுபடப் புலம் வலுக்கிறது. இதற்கு டைனமோ என்று பெயர்.

கொந்தளிப்பு என்றால் என்ன என்று மாணவர்களுக்குச் சொல்ல எனக்குக் கரும்பலகை தேவைப்படுவதில்லை. மழை விட்ட மறுநாள் சில்வர் பீச் பக்கம் கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்குப் போனால் போதும். செம்மண் நிற நீர் பெரிய சுழலாகக் கடலுக்குள் போகும். அந்தச் சுழலின் ஓரத்தில் சின்னச் சுழல், அதன் ஓரத்தில் இன்னும் சின்னது, கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். பெரிய சுழலில் இறங்கும் ஆற்றல் இப்படிப் படிப்படியாகச் சிறியவற்றுக்குப் போய் முடிவில் வெப்பமாகிறது. 1941இல் ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மகோரோவ் இதற்கு ஒரு கணித வடிவம் கொடுத்தார். காந்தப்புலம் சேர்ந்தால் கதை இன்னும் சிக்கலாகிறது; காகிதத்தில் தீர்வு காண முடியாது. ஒரு கனசதுரப் பெட்டியை எடுத்து, அதைக் கோடிக்கணக்கான புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் அடர்த்தி, வேகம், காந்தப்புலம் எல்லாவற்றையும் சிறு சிறு காலப்படியாக முன்னே நகர்த்த வேண்டும்.

இங்கேதான் செலவு வருகிறது. பெட்டியின் ஒரு பக்கத்துக்கு உள்ள புள்ளிகளை இரண்டு மடங்காக்கினால் மொத்தப் புள்ளிகள் எட்டு மடங்கு. புள்ளிகள் நெருங்கியதால் காலப்படியும் பாதியாகும். ஆக, கணக்கு வேலை பதினாறு மடங்கு. எங்கள் துறையில் இருக்கும் கணினியில் ஒரு பக்கத்துக்கு 64 புள்ளி உள்ள பெட்டி சுகமாக ஓடும், 128 ஓடும். 256க்குப் போனால் ஒரே ஒரு ஓட்டத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுவும் நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால்.

நம் நாட்டில் இப்போது வழி இருக்கிறது. 2015இல் தொடங்கிய தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் பல கல்வி நிறுவனங்களில் பரம் வரிசைக் கணினிகள் வந்திருக்கின்றன. நமக்குப் பக்கத்தில் திருச்சி என்ஐடியில் 2022இல் திறக்கப்பட்ட பரம் பொருள், 838 டெராஃப்ளாப்ஸ் திறன் கொண்டது (நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு என்பது ஒரு டெராஃப்ளாப்ஸ்). அப்படி ஒரு இயந்திரத்துக்குத் தமிழ்ப் பெயர் வைத்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. எந்த மையத்தில் கேட்பதானாலும் முதலில் மூன்று விஷயத்தை விசாரித்துவிடுங்கள்: வெளி நிறுவனத்தாருக்கு இடம் உண்டா, கட்டணம் உண்டா, ஒரு வேலை தொடர்ந்து அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஓடலாம். இன்னொன்று, எங்களிடம் கல்லூரியின் நிலையான ஐபி முகவரி கேட்டார்கள். அதை வாங்கவே மூன்று வாரம் ஆனது. விண்ணப்பம் எழுதத் தொடங்கும் நாளிலேயே அதைக் கேட்கும் கடிதத்தையும் முதல்வரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

சரி, எண்ணுக்கு வருகிறேன்.

திரும்பி வந்த விண்ணப்பத்துக்குப் பிறகு நாங்கள் செய்த முதல் காரியம், சோதனைக் கணக்கு ஒன்று கேட்டதுதான். முழு ஒதுக்கீடு கிடைக்காதவர்களுக்கும் நிரலைச் சோதித்துப் பார்க்கக் கொஞ்சம் நேரம் தரும் வழக்கம் பல மையங்களில் உண்டு. இது எங்களுக்கு முன்னமே தெரியவில்லை. கேட்டோம்; 5,000 கோர்-மணி கொடுத்தார்கள்.

நாங்கள் பயன்படுத்துவது பென்சில் கோட் என்ற திறந்த நிரல். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அது கடைசி வரியில் ஓர் எண்ணை அச்சிடும்: ஒரு புள்ளியை ஒரு காலப்படி நகர்த்த எத்தனை மைக்ரோ விநாடி ஆனது என்று. இரண்டு வருஷமாக அந்த வரியைப் பார்த்தும் பார்க்காமல் கடந்து போயிருக்கிறோம். விண்ணப்பம் முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

அந்த இயந்திரத்தில் எங்களுக்குக் கிடைத்தது, ஒரு கோருக்கு 4 மைக்ரோ விநாடி. அப்புறம் எல்லாம் பெருக்கல்தான். புள்ளிகளின் எண்ணிக்கை, எத்தனை காலப்படி, ஒரு புள்ளிக்கு ஒரு படிக்கு எவ்வளவு நேரம். மூன்றையும் பெருக்கி 3,600ஆல் வகுத்தால் கோர்-மணி வந்துவிடும். காலப்படி எத்தனை என்பதைச் சின்னப் பெட்டியிலிருந்து எடுத்தோம். 256 பெட்டியில் பெரிய சுழல் ஒரு சுற்று வர 2,500 படி ஆனது. புலம் வளர்ந்து, நிலைத்து, அதன் பிறகு சராசரி எடுக்கும் அளவுக்குப் போக 60 சுற்று வேண்டும். ஆக 1,50,000 படி. பெட்டி பெரிதானால் படியும் அதே விகிதத்தில் கூடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த இடத்தில் அப்படியே பொருந்துகிறது. ஆனால் எந்தச் சோற்றை எடுத்துப் பார்த்தீர்கள் என்பதையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும்.

எண்கள் வந்த பிறகு மையத்தில் பயனர்களுக்கு உதவும் பொறியாளரிடம் ஒருமுறை போனில் பேசினோம். இரண்டாம் விண்ணப்பம் எழுதும்போது செய்த மிக நல்ல காரியம் இதுதான். நான் 512 பெட்டி, 256 கோர் என்று சொன்னதும் அவர் ஒரு நிமிஷம் அமைதியாக இருந்துவிட்டு, "மேடம், எங்க நோட் ஒண்ணுக்கு 48 கோர். 256 கேட்டா ஆறு நோட் போகும். 288 கோருக்கு பில் ஆகும், 32 சும்மா நிக்கும். பரவாயில்லயா?" என்றார்.

நோட் என்பது சூப்பர் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு தனிக் கணினி; முழு நோடாகத்தான் கணக்கு வைப்பார்கள். பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? கேட்ட நேரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வீணாகப் போகும். அப்படியானால் 288 கோரையும் பயன்படுத்தலாமே என்றால் முடியாது. இந்த நிரலில் பெட்டியின் பக்கத்தைக் கோர்களுக்கு மீதியில்லாமல் பங்கிட வேண்டும். 48இல் மூன்று இருக்கிறது. 512 மூன்றால் வகுபடாது. நானும் மாணவியும் ஒரு மத்தியானம் முழுக்க வகுத்துப் பார்த்து 576க்கு வந்து சேர்ந்தோம். ஒரு திசையில் 12 பங்கு, இன்னொரு திசையில் 24 பங்கு, பெருக்கினால் 288. ஆறு நோடும் நிரம்பிவிட்டது. சின்ன ஓட்டங்களுக்கு 256 பெட்டியை விட்டுவிட்டு 288 பெட்டி, இரண்டு நோட். புத்தகங்களிலும் கட்டுரைகளிலும் 256, 512, 1024 என்றே பார்த்துப் பழகிய கண்ணுக்கு 576 விசித்திரமாகத் தெரியும். இயந்திரத்தின் நோடில் எத்தனை கோர் என்று முதலில் கேட்டுவிட்டுப் பெட்டியின் அளவை முடிவு செய்யுங்கள்.

அடுத்தது ஸ்கேலிங் சோதனை. கோர்களைக் கூட்டக் கூட்ட வேகமும் அதே விகிதத்தில் கூடாது. கோர்கள் ஒன்றுக்கொன்று எல்லைத் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் நேரம் குறுக்கே வரும். 576 பெட்டியை 48, 96, 288, 576, 1,152 கோர்களில் தலா நூறு படி மட்டும் ஓட்டினோம். ஒரு படிக்கு ஆன நேரம் 48 கோரில் 15.9 விநாடி, 288இல் 2.85 விநாடி, 576இல் 1.58, 1,152இல் 1.07. அதாவது 288 வரை 93 சதவீதப் பலன் கிடைக்கிறது, 576இல் 84 ஆகிறது, 1,152இல் 62க்கு இறங்கிவிடுகிறது. அதற்கு மேல் கோர் கேட்பது காசைக் கரைப்பது. இந்த ஐந்து ஓட்டத்துக்கும் சேர்த்து எங்களுக்குச் செலவானது 130 கோர்-மணிக்கும் குறைவு. முதல் விண்ணப்பத்தில் இந்த வரைபடம் மட்டும் இருந்திருந்தால் அது திரும்பி வந்திருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஸ்கேலிங் சோதனையில் கிடைத்த நேரத்தையும் வைத்துப் பார்த்தபோது, கேட்ட கணக்கு இப்படி வந்தது. 576 பெட்டியில் மூன்று ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் 77,000 கோர்-மணி. 288 பெட்டியில் ஆறு ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் 4,700. மொத்தம் 2,59,200. தவறு நேர்ந்தால் மறுபடி ஓட்டப் பத்து சதவீதம் சேர்த்து 2,85,000. பத்து லட்சம் எங்கே, இது எங்கே! ஆனால் இதில் ஒவ்வோர் ஆயிரமும் எங்கிருந்து வந்தது என்று எங்களால் சொல்ல முடிந்தது.

அறிவியல் பகுதியையும் திருத்தி எழுதினோம். மூன்று பெரிய ஓட்டம் ஏன், இரண்டு போதாதா என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும். வாயுவின் உள் உராய்வான பாகுநிலைக்கும் அதன் மின்தடைக்கும் உள்ள விகிதத்தைக் காந்த பிராண்டல் எண் என்கிறோம். அதை மூன்று மதிப்பில் வைத்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும். இரண்டு புள்ளி வழியாக எந்தக் கோட்டையும் போட்டுவிடலாம். பெட்டி ஏன் இவ்வளவு பெரிது என்பதற்கும் விடை வேண்டும். கொந்தளிப்பு பாகுநிலையை எவ்வளவு மிஞ்சி நிற்கிறது என்று சொல்வது ரெனால்ட்ஸ் எண். மிகச் சிறிய சுழலின் அளவு அந்த எண்ணின் முக்கால் அடுக்கில் சுருங்குகிறது. மூன்று திசையையும் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் செலவு ரெனால்ட்ஸ் எண்ணின் கனத்தில் ஏறும். அதை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு நேரம் வேண்டும்.

இங்கே ஒரு ஓட்டத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மாணவி ஆசைப்பட்டு 288 பெட்டியில் பாகுநிலையை மிகவும் குறைத்து ஓட்டிவிட்டாள். ரெனால்ட்ஸ் எண் அழகாக உயர்ந்தது. ஆற்றல் எந்த அளவுச் சுழலில் எவ்வளவு இருக்கிறது என்ற வரைபடத்தைப் போட்டுப் பார்த்தால், சரிந்து இறங்க வேண்டிய வால் கடைசியில் தேள் கொடுக்கு மாதிரி மேலே தூக்கியிருந்தது. வெப்பமாகிக் கரைய வேண்டிய ஆற்றல், போக இடமில்லாமல் புள்ளிகளின் இடைவெளி அளவிலேயே குவிந்து நிற்கிறது என்று அர்த்தம். அந்த ஓட்டத்தின் எண்களை நம்ப முடியாது. அதை மறைக்காமல் விண்ணப்பத்திலேயே போட்டோம்: வால் ஒழுங்காக இறங்கும் படம் இது, கொடுக்கு தூக்கிய படம் இது, இந்த எல்லைக்குள்தான் நாங்கள் நிற்போம். விண்வெளியில் இருக்கும் உண்மையான ரெனால்ட்ஸ் எண்ணை எந்தக் கணினியும் எட்டாது, அதையும் எழுதினோம்.

இதை எழுதும்போது புதுச்சேரியில் நடந்த ஒரு பழைய விஷயம் எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. 1825இல் அங்கே இருந்த ஒரு பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளை வைத்து, ஜான் வாரன் என்ற அதிகாரிக்குச் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை நான்கு நிமிஷம். நடுவிலும் முடிவிலும் அதைவிடக் கூடுதல். கணக்கும் அதன் பிழையும் சேர்ந்தே பதிவாகியிருப்பதால்தான் இருநூறு வருஷம் கழித்தும் நாம் அந்த மனிதரின் திறமையை அளந்து வியக்க முடிகிறது.

சேமிப்பு இடத்தைப் பற்றிப் பலர் எழுதுவதே இல்லை. நாங்களும் முதலில் எழுதவில்லை. 576 பெட்டியின் ஒரு முழு நிலையைச் சேமித்தால் 10.7 ஜிகாபைட். சுற்றுக்கு ஒன்று வீதம் மூன்று ஓட்டத்துக்கும் 180 நிலை, கிட்டத்தட்ட 1.9 டெராபைட். எங்கள் கல்லூரி இணைப்பில் நொடிக்கு 20 மெகாபிட் ஒழுங்காகக் கிடைத்தாலும் அதைக் கொண்டுவர ஒன்பது நாள் இடைவிடாமல் இறக்க வேண்டும். அதனால் பகுப்பாய்வை அங்கேயே செய்வோம், ஆற்றல் வரைபடங்களையும் பெட்டியின் குறுக்குவெட்டுப் படங்களையும் மட்டும் இறக்குவோம் என்று திட்டம் போட்டோம். ஒரு குறுக்குவெட்டு மூன்று மெகாபைட்கூட இல்லை; பஸ்ஸில் போகும்போது போனிலேயே பார்க்கலாம். பகுப்பாய்வுக்கும் கோர்-மணி வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

2,60,000 ஒதுக்கினார்கள். மறு ஓட்டத்துக்குக் கேட்ட பத்து சதவீதத்தைத்தான் வெட்டியிருந்தார்கள். அன்று மாணவி வகுப்பு வாசலில் நின்று கையசைத்ததிலேயே செய்தி தெரிந்துவிட்டது.

வெட்டப்பட்ட பத்து சதவீதத்தின் அருமை முதல் வாரத்திலேயே தெரிந்தது. முதல் பெரிய ஓட்டத்தை மாலையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். தொடக்கக் காலப்படி கொஞ்சம் பெரிதாக இருந்துவிட்டது. தொடங்கிய சற்று நேரத்திலேயே கணக்கு வெடித்து, எல்லா இடத்திலும் எண்ணுக்குப் பதிலாக 'நேன்' (எண் அல்ல என்று பொருள்) என்று வரத் தொடங்கியிருக்கிறது. நிரல் நிற்கவில்லை. காலையில் பார்க்கும் வரை 16 மணி நேரம், 288 கோரும் வெறும் 'நேன்'களைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தன. 4,608 கோர்-மணி. நாடே காசு போட்டு வாங்கிய இயந்திரம், க்யூவில் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கடைசி வரியைப் பார்த்து, 'நேன்' இருந்தால் வேலையை நிறுத்தும் ஆறு வரி ஸ்கிரிப்ட் ஒன்றை மாணவி அன்று மாலையே எழுதிவிட்டாள். சின்ன ஓட்டங்களில் ஒன்றைக் கைவிட்டு அந்த நேரத்தை ஈடு கட்டினோம்.

அடுத்து நவம்பர் 2024. அந்த மையத்தில் ஒரு வேலை தொடர்ந்து மூன்று நாள்தான் ஓடலாம். எங்களுக்கு வேண்டியது பதினொரு நாள். எனவே நான்கு துண்டாக வெட்டி, ஒன்று ஒழுங்காக முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்று ஸ்லர்மில் (வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருள்) சங்கிலி போட்டிருந்தோம். அதோடு இரண்டு மணிக்கு ஒருமுறை நிலையைச் சேமிக்கச் சொல்லியிருந்தோம். இரண்டாம் துண்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஃபெஞ்சல் புயல் வந்தது. 30ஆம் தேதி சனிக்கிழமை இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, நெட் இல்லை. அதற்குப் பின்னால் சாத்தனூர் அணையைத் திறந்ததில் தென்பெண்ணையில் வெள்ளம். மாணவியின் வீடு ஆற்றங்கரைப் பக்கம். அவள் அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு உறவினர் வீட்டு மாடிக்குப் போய்விட்டாள். சிமுலேஷனைப் பற்றி நினைக்க யாருக்கும் மனசு இல்லை.

நான்காம் நாள் போனில் சிக்னல் வந்ததும் அவளிடமிருந்து வந்த முதல் செய்தி: "மேடம், வீட்ல எல்லாரும் நல்லா இருக்கோம். அடுப்படி வரைக்கும் தண்ணி வந்துச்சு." சற்று நேரம் கழித்து இன்னொன்று: "மூணாவது துண்டு ஓடிட்டு இருக்கு." நாங்கள் இருட்டில் இருந்த நாட்களில் எங்கள் பெட்டிக்குள் புலம் அமைதியாக வளர்ந்துகொண்டிருந்தது. சங்கிலி போடாமல், ஒவ்வொரு துண்டையும் கையால் போடுவதாக இருந்திருந்தால் க்யூவில் எங்கள் இடமும் போயிருக்கும், ஒதுக்கீட்டின் காலக்கெடுவும் கைமீறியிருக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள், அதிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இதைக் கட்டாயம் செய்யுங்கள். முடிந்த ஓட்டத்தின் முக்கியக் கோப்புகளையும் தற்காலிகச் சேமிப்பிடத்திலிருந்து உடனே நகர்த்திவிடுங்கள். அங்கே பழைய கோப்புகள் தானாக அழியும், புயல் என்று காரணம் சொல்லித் திரும்ப வாங்க முடியாது.

மூன்று பெரிய ஓட்டமும் முடிந்துவிட்டன. பிராண்டல் எண் கூடக் கூட புலம் விரைவாக வளர்கிறது. நிலைத்த பிறகு எவ்வளவு வலுவாக நிற்கிறது என்பதில்தான் இன்னும் சந்தேகம் இருக்கிறது. அதைத் தீர்க்க ஒரு படி மேலே, 1,152 பெட்டி வேண்டும். மாணவி துறை அறைப் பலகையில் 77,000 என்று எழுதி, பதினாறால் பெருக்கி, கீழே 12,32,000 என்று போட்டுக் கோடிட்டு வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே, ஸ்கேலிங் சோதனை பாக்கி என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. சோதனைக் கணக்கில் இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சமிருக்கிறது. திங்கட்கிழமை 24 நோடில் நூறு படி போடுகிறோம்.